மலை ஊரில் சைக்கிள் பாதை: தெருச் சண்டை மூளாமல் செய்து முடிக்கும் முறை

உதகையிலோ குன்னூரிலோ கொடைக்கானலிலோ ஒரு தெருவில் சைக்கிள் பாதை வரப்போகிறது என்ற பேச்சு எழுந்த அன்றைக்கே தெரு இரண்டு கட்சியாகிவிடும். "இந்த மேட்டில் யார் சைக்கிள் மிதிப்பார்கள்? எங்கள் கடை வாசல்தான் போகும்" என்பது ஒரு கட்சி. "பிள்ளைகள் ரோட்டோரமாகப் பயமில்லாமல் போக வேண்டாமா?" என்பது மற்றது. இரண்டுமே நியாயமான கேள்விகள். ஆனால் கூட்டம் போட்டுப் பேசினால் மட்டும் இரண்டுக்கும் பதில் கிடைக்காது. அந்தத் தெருவின் ஏற்றம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, எந்த மணிக்கு யார் எங்கே வண்டியை நிறுத்துகிறார்கள் என்ற மூன்றையும் அளந்து தாளில் வைத்தால் பாதிச் சண்டை அங்கேயே கரைந்துவிடும். மீதிப் பாதிக்குத்தான் பேச்சு தேவைப்படும்.

குடியிருப்போர் சங்கம், வியாபாரிகள் சங்கம், கவுன்சிலர், பள்ளிப் பெற்றோர் என யார் முன்கை எடுத்தாலும் வேலையின் வரிசை ஒன்றுதான். அளவெடுக்கும் முன் பொதுக்கூட்டம் கூட்டாதீர்கள். மைக்கில் ஒருமுறை "விடமாட்டோம்" என்று சொன்னவர் பிறகு இறங்கி வருவது கடினம்.

சாலை யாருடையது?

முதலில் சாலை யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர், உதகை, கூடலூர் வழியாகக் குண்டலுப்பேட்டை போகும் சாலை தேசிய நெடுஞ்சாலை 181. ஊருக்குள் அதை ஒட்டிய ஒரு கோடு போடக்கூட நகராட்சி தனியாக முடிவெடுக்க முடியாது. வேறு சில கடைத்தெருக்கள் மாநில நெடுஞ்சாலைத் துறையின் கீழ் வரும். உள்தெருக்கள் பெரும்பாலும் நகராட்சிக்குச் சொந்தம். நகராட்சிப் பொறியியல் பிரிவில் சாலைப் பதிவேடு இருக்கும். அதில் சாலையின் பெயர், நீளம், அகலம் பதிவாகியிருக்கும். தப்பான அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டு, "இது எங்கள் சாலை இல்லை" என்ற பதிலுக்காகக் காத்திருந்தே பல மாதங்கள் போய்விடுகின்றன.

நேரில் கேட்டுக் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதுங்கள். 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். "சைக்கிள் பாதை பற்றிய விவரம் தரவும்" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: பாதை தொடங்கும் இடமும் முடியும் இடமும், சாலையின் குறுக்குவெட்டு வரைபட நகல், நகர்மன்றத் தீர்மானத்தின் எண்ணும் தேதியும், செலவு மதிப்பீட்டு நகல், போக்குவரத்துக் கணக்கெடுப்பு நடந்திருந்தால் அதன் நகல். இவற்றில் குறுக்குவெட்டு வரைபடம்தான் உயிர்நாடி. அது இல்லாமல் நடக்கும் எந்த வாக்குவாதமும் ஊகத்தின் மேல் நடக்கும் வாக்குவாதம்.

ஏற்றத்தை அளப்பது

சமவெளி ஊரில் முதல் கேள்வி அகலம். மலையில் அது ஏற்றம். சாலைகளுக்கான அளவுகளை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் சைக்கிள் பாதைக்கென்று 1962-இல் வெளியிட்ட ஐ.ஆர்.சி. 11 என்ற வழிகாட்டி ஒரு நல்ல அளவுகோல் தந்தது. 30-க்கு 1 என்ற ஏற்றம் (30 மீட்டர் போனால் 1 மீட்டர் உயர்வது) 90 மீட்டர் நீளத்தைத் தாண்டக் கூடாது. 40-க்கு 1 என்றால் 160 மீட்டர் வரை. 50-க்கு 1 என்றால் 250 மீட்டர் வரை. 20-க்கு 1 என்ற செங்குத்தான ஏற்றம் 20 மீட்டர் வரைதான் பொறுக்கும். 2015-இல் அந்த வழிகாட்டி திருத்தப்பட்டது என்றாலும், சாதாரண ஆள் கியர் இல்லாத சைக்கிளில் மூச்சிரைக்காமல் ஏறக்கூடிய எல்லையை இந்தக் கணக்கு இன்றும் சரியாகவே காட்டுகிறது.

அளக்க இயந்திரம் தேவையில்லை. கொத்தனார் வைத்திருக்கும் டியூப் மட்டம் போதும். சாலையோரமாக 10 மீட்டர் இடைவெளியில் இரண்டு பேர் நிற்க வேண்டும். இருவர் கையிலும் தண்ணீர் நிரப்பிய டியூபின் இரண்டு முனைகள். தண்ணீர் அசையாமல் நின்றதும் தரையிலிருந்து தண்ணீர் மட்டம் வரை இரு பக்கமும் அளந்து கழித்தால் ஏற்றம் வந்துவிடும். 10 மீட்டரில் 33 சென்டிமீட்டர் வித்தியாசம் என்றால் 30-க்கு 1. 25 சென்டிமீட்டர் என்றால் 40-க்கு 1. 50 சென்டிமீட்டர் என்றால் 20-க்கு 1. டியூபுக்குள் காற்றுக்குமிழி இருந்தால் கணக்கு முழுக்கத் தப்பாகிவிடும். ஆகவே ஒவ்வோர் அளவுக்கு முன்பும் குமிழி இருக்கிறதா என்று பாருங்கள். தெரு முழுக்க 10 மீட்டருக்கு ஒரு முறை அளந்து, சுவரில் சாக்பீஸால் எண் போட்டு, அதே எண்ணோடு நோட்டில் எழுதுங்கள்.

இந்தக் கணக்கு வந்ததும் தெருவை மூன்றாகப் பிரிக்கலாம். கொடைக்கானல் ஏரியைச் சுற்றிய சாலை போல ஏறக்குறைய மட்டமான இடத்தில் முழுப் பாதை போடலாம். அங்கே சைக்கிளும் இருக்கிறது, தேவையும் இருக்கிறது. நடுத்தர ஏற்றத்தில் ஏறும் பக்கம் மட்டும் பாதை போடுங்கள். ஏறுகிறவர் மெதுவாக, ஆடி ஆடிப் போவார். அவருக்குத்தான் பாதுகாப்பு தேவை. இறங்குகிறவர் வண்டிகளின் வேகத்துக்குச் சமமாக வருவார். அவரை ஒன்றரை மீட்டர் இடுக்கில் தள்ளினால் கடையிலிருந்து காலெடுத்து வைப்பவர் மேல் மோதுவார். இறங்குகிறவர் பொதுச் சாலையிலேயே வரட்டும். இந்த ஒரு முடிவே சாலையில் ஒன்றரை மீட்டரை மிச்சப்படுத்தும். எதிர்க்கட்சி கேட்கும் வண்டி நிறுத்தும் இடம் பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும். மூன்றாவது வகை, 20-க்கு 1-ஐ விடச் செங்குத்தான நீண்ட மேடு. அங்கே சைக்கிள் பாதைக்காகச் சண்டையே போடாதீர்கள். நடைபாதை கேளுங்கள், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவரும் அதில் போவார்.

அகலக் கணக்கு

அகலத்தை வரைபடத்தில் உள்ளபடி எடுக்காமல் டேப் பிடித்து அளங்கள். கடைப் படியின் வெளி விளிம்பிலிருந்து எதிர்ப்பக்கப் பாராபெட் சுவரின் (பள்ளத்தோரத் தடுப்புச் சுவர்) உள்விளிம்பு வரை அளக்க வேண்டும். நேர்ச்சாலையில் 10 மீட்டருக்கு ஒரு முறை, வளைவில் 5 மீட்டருக்கு ஒரு முறை. சராசரி எடுக்காதீர்கள். மிகக் குறுகலான இடம் எதுவோ அதுதான் அந்தத் தெருவின் அகலம். மின்கம்பம், டிரான்ஸ்பார்மர், மரம், மூடியில்லாத சாக்கடை எல்லாவற்றையும் தனியாகக் குறியுங்கள்.

எடுத்துக்காட்டாக ஒரு கடைத்தெரு 10.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நடப்பவருக்குத் தடையில்லாத 1.8 மீட்டர் நடைபாதை ஒரு பக்கம். பஸ் இருவழியாக ஓடும் சாலை என்றால் 7 மீட்டர். மீதி 1.7 மீட்டர். இதில் ஏறும் பக்கம் 1.5 மீட்டர் சைக்கிள் பாதையும் 20 சென்டிமீட்டர் கோடும் அடங்கும். கார் நிறுத்த இடமில்லை. இன்று அதே தெருவில் ஓரமாகக் கார் நிற்கிறது என்றால் 2 மீட்டரை அது எடுத்துக்கொண்டிருக்கிறது. அப்படியானால் தகராறு உண்மையில் அந்த 2 மீட்டரைப் பற்றியதுதான் என்று எல்லோருக்கும் ஒரே தாளில் தெரிந்துவிடும். பஸ் ஓடாத தெருவுக்கு 5.5 மீட்டர் சாலை போதும். அப்போது மீதி 3.2 மீட்டர். பாதை போக மிஞ்சுவதில் இருசக்கர வாகனங்களும், சில இடங்களில் லோடு ஆட்டோவும் நிற்கலாம்.

நிற்கும் காரை ஒட்டிப் பாதை போட்டால் கதவு திறக்கும் இடத்துக்கென்று 80 சென்டிமீட்டராவது விட வேண்டும். அதை விடாமல் கோடு போடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. காரின் கதவு திறக்கும்போது சைக்கிள்காரர் சாலைப் பக்கம் விழுவார், பின்னால் பஸ் வரும்.

மொத்தமே ஒன்பது மீட்டருக்குக் குறைவு என்றால் தனிப் பாதை என்ற பேச்சை விட்டுவிடுங்கள். வண்டிகளின் வேகத்தை 20 கிலோமீட்டருக்குக் குறைப்பது, பக்கத்துத் தெருவோடு சேர்த்து ஒருவழியாக்குவது என்ற இரண்டையும் யோசிக்கலாம். நடைபாதையைச் சுருக்கிச் சைக்கிளுக்கு இடம் தேடுவது மட்டும் கூடவே கூடாது. மூட்டுவலியோடு கைத்தடி பிடித்து நடக்கும் முதியவரின் இடத்தைப் பிடுங்கித் தரும் பாதைக்கு ஊரில் யாரும் ஆதரவு தர மாட்டார்கள், தரவும் கூடாது. மலைச்சரிவை வெட்டி அகலப்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் அதையும் உடனே மறுத்துவிடுங்கள். 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, உதகைப் பகுதிகளில் சரிந்த மண் 40-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. ஒரு சைக்கிள் பாதைக்காகச் சரிவின் அடிவாரத்தைச் சுரண்டுவது எந்தக் கணக்கிலும் சேராது. மரம் குறுக்கே நின்றால் பாதைதான் விலகிப் போக வேண்டும். மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம், 1955-இன்படி அனுமதியில்லாமல் மரத்தில் கை வைக்க முடியாது.

மேட்டுப் பக்கமா, பள்ளத்துப் பக்கமா?

இதைப் பொறியாளர்களே சில நேரம் சரியாக யோசிப்பதில்லை. மலைச்சாலையில் மேட்டுப் பக்கம் வாய்க்கால் ஓடும். மழை பெய்தால் சரிவிலிருந்து மண்ணும் சரளையும் முதலில் அங்கேதான் வந்து விழும். நீலகிரியில் தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்கும். குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் அக்டோபரிலிருந்து வடகிழக்குப் பருவமழை அடிக்கும். அந்த மாதங்களில் மேட்டுப் பக்கப் பாதையை வாரம் ஒருமுறையாவது கூட்டாவிட்டால் சரளையில் சக்கரம் வழுக்கும். தைல மரச் சருகும் சைப்ரஸ் ஊசியிலையும் நனைந்து படிந்தால் இன்னும் மோசம்.

பள்ளத்துப் பக்கம் சுத்தமாக இருக்கும், ஆனால் அங்கே பாராபெட் சுவர் தொடர்ச்சியாக இருந்தாக வேண்டும். சைக்கிளில் உட்கார்ந்திருப்பவரின் இடுப்பு மட்டம் உயரமானது. முழங்கால் உயரச் சுவரில் சக்கரம் மோதினால் ஆள் மேலே தூக்கி எறியப்பட்டு அந்தப் பக்கம் விழுந்துவிடுவார். தாழ்ந்த சுவர் என்றால் மேலே ஓர் இரும்புக் கம்பி வேலி கட்டாமல் பாதையை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

வளைவு தனிக் கணக்கு. பஸ்ஸும் லாரியும் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தை விட உள்ளே வாங்கும். உள்வளைவில் சைக்கிள் பாதை இருந்தால் பின்சக்கரம் அதன் மேல் ஏறும். அங்கே நட்ட பிளாஸ்டிக் கம்பங்கள் சில வாரங்களில் முறிந்து கிடக்கும், பிறகு "பாதை தோல்வி" என்ற பேச்சு கிளம்பும். கொண்டை ஊசி வளைவிலும் நெருங்கிய வளைவிலும் பாதையை வெளிவளைவுப் பக்கம் வையுங்கள், அல்லது வளைவு தொடங்கும் முன்பே பாதையை முடித்து எச்சரிக்கைப் பலகை வைத்து, வளைவு கடந்த பின் மீண்டும் தொடங்குங்கள்.

இன்னொன்று, காட்டுமாடு. கொடைக்கானலிலும் குன்னூரிலும் அந்தியில் ஊருக்குள் இறங்கி நடக்கும் மாடு நீளமான தடுப்புக்கும் சுவருக்கும் நடுவே மாட்டிக்கொண்டால் மிரண்டு ஓடும். ஆகவே தொடர்தடுப்பு வேண்டாம். 15 மீட்டருக்கு ஒரு முறை மூன்று மீட்டராவது திறந்த இடைவெளி விடுங்கள். மழைத்தண்ணீர் வாய்க்காலுக்குப் போகவும் அதே இடைவெளி உதவும். தொடர்ச்சியான சிமென்ட் விளிம்பு கட்டினால் தண்ணீர் சாலையிலேயே தேங்கி, கடைசியில் கீழ்வீட்டுக்குள் நுழையும். அந்த வீட்டுக்காரர் அடுத்த நாளே பாதைக்கு எதிரியாகிவிடுவார். அவர் மேல் பிழையும் சொல்ல முடியாது.

யார், எந்த மணிக்கு, எவ்வளவு நேரம்?

கடைக்காரர் ஒருவரிடம் என்ன வேண்டும் என்று கேட்டால் "பார்க்கிங் வேண்டும்" என்பார். "அண்ணாச்சி, உங்களுக்கு லோடு எத்தனை மணிக்கு வருது? இறக்க எவ்வளவு நேரம் ஆகுது?" என்று கேட்டால் "காலையில ஆறரைக்கு வரும், இருபது நிமிஷத்தில முடிஞ்சிடும்" என்று பதில் வரும். முதல் பதிலை வைத்துத் தீர்வு காண வழியில்லை. இரண்டாவது பதிலில் தீர்வே இருக்கிறது.

இதற்காக ஒரு கணக்கெடுப்பு நடத்துங்கள். தெருவை 20 மீட்டர் துண்டுகளாகப் பிரித்து எண் கொடுங்கள். காலை 6 மணியிலிருந்து இரவு 9 மணி வரை அரை மணிக்கு ஒரு முறை நடந்துபோய், ஒவ்வொரு துண்டிலும் நிற்கும் வண்டிகளின் வகையையும், பதிவு எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தையும், என்ன வேலையாக நிற்கிறது என்பதையும் எழுதுங்கள். நான்கு இலக்கம் எதற்கென்றால், ஒரே வண்டி எவ்வளவு நேரம் நிற்கிறது என்பது அப்போதுதான் தெரியும். முழு எண்ணையும் எழுதி யாரையும் அடையாளம் காட்ட வேண்டாம். சீசன் இல்லாத ஒரு வேலை நாள், ஒரு ஞாயிறு, தொடர் விடுமுறையில் ஒரு நாள் என மூன்று நாட்களாவது எடுங்கள். ஏப்ரல், மே சீசனில் மட்டும் எடுத்த கணக்கை வைத்துப் பத்து மாதத்துக்கான சாலையைத் தீர்மானிக்க முடியாது. 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் (இணையவழி அனுமதிச் சீட்டு) இருப்பதால் எந்த நாளில் எவ்வளவு வண்டி ஏறியது என்ற எண்ணிக்கையை மாவட்ட நிர்வாகத்திடம் கேட்கலாம். கணக்கெடுத்த நாட்கள் வழக்கமான நாட்கள்தானா என்று சரிபார்க்க அது உதவும்.

எண்ணும்போது ஒரு வியாபாரியும் பாதையை ஆதரிக்கும் ஒருவரும் ஜோடியாக நடக்க வேண்டும். இந்த நிபந்தனையை எதற்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரு கட்சி தனியாக எடுத்த கணக்கை மறுகட்சி எந்நாளும் ஏற்காது. இருவரும் சேர்ந்து எழுதிய தாளில் "மிக அதிக நேரம் நின்றவை கடைக்காரர்களும் ஊழியர்களும் கொண்டுவந்த வண்டிகள், பிறகு லாட்ஜ் விருந்தினர் கார்கள்" என்று வந்தால் — கடைத்தெருக்களில் இப்படி வருவது சகஜம் — யாரும் யாரையும் குற்றம் சொல்லாமலே பேச்சு வேறு திசைக்குத் திரும்பும். வாடிக்கையாளருக்கு உள்ள இடத்தை அடைத்திருப்பது யார் என்பதை வியாபாரியே பார்த்துவிட்டாரே.

யாரையெல்லாம் அழைப்பது?

சங்கத் தலைவர்களை மட்டும் அழைத்தால் போதாது. சங்கத்தில் இல்லாதவர்கள்தான் பிறகு சோதனைக்காகச் சாலையில் வைக்கும் பிளாஸ்டிக் கோனைத் தூக்கி எறிவார்கள். டாக்சி ஸ்டாண்டு டிரைவர்கள், சுமைதூக்கும் தொழிலாளர்கள், காஸ் சிலிண்டர் போடுபவர், பால் வண்டிக்காரர், குப்பை அள்ளும் தூய்மைப் பணியாளர்கள், பள்ளி வேன் ஓட்டுநர்கள், தெருவோரம் சோளக்கதிரும் பழமும் விற்பவர்கள், ஏரிப் பக்கம் என்றால் குதிரைக்காரர்களும் சைக்கிள் வாடகைக்கு விடுபவர்களும். முதலில் ஒவ்வொருவரையும் அவரவர் இடத்தில் தனியாகப் பாருங்கள். பிறகு 12 பேருக்கு மிகாமல் ஒரு குழு அமைத்து, மண்டபத்தில் உட்காராமல் கையில் தாளோடு அந்தத் தெருவிலேயே நடங்கள். "இந்த இடத்தில்" என்று விரல் நீட்டிப் பேசும்போது கோபம் குறைகிறது.

தெருவோர வியாபாரிகளைக் கூட்டத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைப்பது அநீதி, சட்டத்துக்கும் விரோதம். தெரு வியாபாரிகள் சட்டம், 2014-இன்படி, சான்றிதழ் உள்ளவரை இடம் மாற்ற 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும். இடம் பற்றிய முடிவுகளில் நகர விற்பனைக் குழுவுக்குப் பங்கு உண்டு, அந்தக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். சைக்கிள் பாதை என்ற பெயரில் தள்ளுவண்டிகளை ஒரே இரவில் அப்புறப்படுத்தினால் அந்தப் பாதைக்கு நற்பெயர் கிடைக்காது.

குதிரையையும் சைக்கிளையும் ஒரே தடத்தில் விடாதீர்கள். பின்னாலிருந்து திடீரென்று மணி அடித்தால் குதிரை மிரளும். சாணம் நனைந்தால் சக்கரம் வழுக்கும். குதிரைகளுக்கு நிற்கும் இடத்தையும் குறுக்கே கடக்கும் இடத்தையும் தனியாகக் குறித்து, சாணம் அள்ளுவதற்கு நேரமும் ஆளும் யார் என்று எழுதிவிடுங்கள். வாடகை சைக்கிள் கடைகள் தங்கள் சைக்கிள்களைப் பாதையின் மேலேயே வரிசையாக நிறுத்துவது இன்னொரு தொல்லை. பாதையால் முதலில் லாபம் பெறுபவர்கள் அவர்கள்தான். ஆகவே வரிசையை உள்ளே தள்ளுவதும், பிரேக் சரியில்லாத சைக்கிளை வெளியே விடாததும் அவர்கள் பங்கு. ஏரிச்சாலை மாதிரி இரு திசையிலும் சைக்கிள் ஓடும் இடத்தில் 3 மீட்டர் அகலம் வேண்டும். இரட்டை இருக்கை சைக்கிள் நீளமானது, சட்டென்று திரும்பாது.

லோடு இறக்க நேர அட்டவணை போடுங்கள். காலை 8 மணி வரையும் இரவு 8 மணிக்குப் பிறகும் பாதையில் லோடு வண்டி நிற்கலாம், பள்ளி நேரத்தில் கூடவே கூடாது என்பது பல தெருக்களுக்குப் பொருந்தும். பகலில் வரும் காஸ், பால், கூரியர் வண்டிகளுக்கு 60 மீட்டருக்கு ஒரு 7 மீட்டர் நீள நிறுத்துமிடத்தை, பாதைக்கு வெளியே, 15 நிமிட வரம்போடு ஒதுக்கினால் போதும்.

நான்கு வாரச் சோதனை

பெயின்ட் அடிக்கும் முன் கோன் வைத்துப் பாருங்கள். நகராட்சி ஆணையரிடமும் போக்குவரத்துக் காவல் ஆய்வாளரிடமும் எழுத்துமூல அனுமதி வாங்காமல் ஒரு கோன்கூட வைக்காதீர்கள். 200 மீட்டருக்கு 5 மீட்டர் இடைவெளியில் 41 கோன். வளைவுகளில் 3 மீட்டராக நெருக்க இன்னும் 15. காணாமல் போவதற்கும் நசுங்குவதற்கும் 10. உயரம் 75 சென்டிமீட்டர், ஒளிரும் பட்டை இரண்டு. அடியில் மணல் பை வைக்காவிட்டால் காற்றில் உருண்டுவிடும். கோன்களுக்கு நடுவே கயிறு கட்டாதீர்கள், பனிமூட்டத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. சுண்ணாம்புத் தூள் கோடு ஒரு மழைக்கே கரைந்துவிடும், ஆகவே கோன் நிற்கும் இடங்களில் பெயின்டால் சிறு புள்ளி வையுங்கள். யாராவது நகர்த்தினாலும் திரும்ப அதே இடத்தில் வைக்கலாம்.

முதல் வாரம் குழப்பம்தான். அதை வைத்து யாரும் முடிவு சொல்லக்கூடாது என்று தொடங்கும் முன்பே எழுதி ஒப்புக்கொள்ளுங்கள். மே மாத நடுவில் தொடங்காதீர்கள். ஆனால் நான்கு வாரத்துக்குள் ஒரு நெரிசலான விடுமுறையாவது வரட்டும், இல்லாவிட்டால் "சீசனில் தாங்குமா?" என்ற கேள்வி நின்றுகொண்டே இருக்கும்.

வியாபாரம் விழுந்துவிடும் என்ற அச்சம் பொய்யில்லை, அதை அளந்துதான் தீர்க்க வேண்டும். எந்தக் கடைக்காரரும் வரவு ரூபாயைச் சொல்ல மாட்டார், கேட்பதும் முறையல்ல. அதற்குப் பதில் ஒரு நாளில் எத்தனை பில் போட்டார் என்று சோதனைக்கு முன் நான்கு வாரமும் சோதனையில் நான்கு வாரமும் எழுதச் சொல்லுங்கள். செவ்வாயைச் செவ்வாயோடும் ஞாயிற்றை ஞாயிற்றோடும் ஒப்பிட்டு, ஏற்ற இறக்கச் சதவீதத்தை மட்டும் குழுவுக்குத் தந்தால் போதும். பாதை இல்லாத பக்கத்துத் தெருவில் இரண்டு மூன்று கடைகளிலும் இதே கணக்கை எடுங்கள். மழையால் கூட்டம் குறைந்ததா, பாதையால் குறைந்ததா என்று பிரித்துப் பார்க்க வேறு வழியில்லை. கூடவே சைக்கிள்களையும் எண்ணுங்கள்: பெண்கள், மாணவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், சுற்றுலாப் பயணிகள் என்று தனித்தனியாக. எண்ணிக்கை குறைவாக வந்தால் அதை மறைக்காதீர்கள்.

எழுத்தில் வைப்பது

வாய்ப்பேச்சு அடுத்த சீசன் வரை தாங்காது. ஒப்பந்தத்தில் வர வேண்டியவை: எந்தக் கடையிலிருந்து எந்தக் கம்பம் வரை எவ்வளவு அகலம், லோடு நேரம், டாக்சி எத்தனை, எங்கே, யார் கூட்டுவது, வாரத்தில் எந்த நாள், முறிந்த கம்பத்தை யார் மாற்றுவது, மறுபரிசீலனைத் தேதி. எல்லோரும் கையெழுத்திட்டு நகல்களை ஆணையர், காவல் ஆய்வாளர், கவுன்சிலர் மூவருக்கும் கொடுத்து, கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள்.

இந்தத் தாளுக்கு மட்டும் சட்ட பலம் கிடையாது. நகர்மன்றத் தீர்மானமும், மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 116, 117-ஆம் பிரிவுகளின்படி முறையான அறிவிப்புப் பலகையும் நிறுத்துமிட உத்தரவும் வந்தால்தான் காவல்துறை அபராதம் போட முடியும். தெருக்காரர்கள் கூடிக் கோடு போட்டுவிட்டு, "போலீஸ் ஒன்றும் செய்யவில்லை" என்று வருந்துவது இந்த ஒரு படியை விட்டதால்தான்.

நிரந்தர வேலையின்போது கண் வைக்க வேண்டியவை

பாதை முழுக்கப் பச்சை அடிக்கக் கேட்காதீர்கள். தெர்மோபிளாஸ்டிக் பெயின்ட் நனைந்தால் வழுக்கும். இங்கே பனியும் மழையும் ஆண்டில் பாதி நாள். கோடுகளும் சைக்கிள் சின்னமும் போதும், அதுவும் சொரசொரப்பான கலவையில். இன்டர்லாக் கல் பதித்தால் நிழலான இடத்தில் பாசி பிடிக்கும். தார் அல்லது துடைப்பத்தால் கோடிழுத்த சிமென்ட் தளம் நல்லது. சாக்கடைக் கம்பிகள் சக்கரம் போகும் திசைக்குக் குறுக்காக இருக்க வேண்டும். நீளவாக்கில் வைத்தால் டயர் உள்ளே இறங்கி ஆளைக் கவிழ்த்துவிடும். ஒப்பந்ததாரரிடம் வேலை தொடங்கும் முன்பே இதைக் காட்டிச் சொல்லுங்கள், பதித்த பின் யாரும் திருப்பி வைப்பதில்லை. ஒளிரும் கண்ணாடிக் குமிழ்களைப் பாதைக் கோட்டின் மேல் பதிக்க விடாதீர்கள். சைக்கிள் அதன் மேல் ஏறினால் சரியும்.

பேச்சு முறிந்தால்

கோனைப் பிடுங்குவதும், மறியல் செய்வதும், எதிர்க்கடையில் வாங்காதே என்று சொல்வதும் ஒரே தெருவில் காலம் முழுக்க முகம் பார்த்து வாழ வேண்டியவர்களுக்கு ஆகாது. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் இரு கட்சியும் அளவுத் தாள்களோடு ஒரே மனுவாகக் கொடுங்கள். "இந்த இடத்தில் மட்டும் எங்களுக்குள் ஒத்துவரவில்லை" என்று குறிப்பிட்டுக் கேட்டால் முடிவு விரைவில் வரும். ஆட்சியர் தலைமையிலான மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் கவனத்துக்கும் அதைக் கொண்டுபோகச் சொல்லுங்கள். முதல்வரின் முகவரி உதவி எண் 1100-இல் பதிவு செய்தால் மனுவின் நிலையைத் தொடரலாம். சமரசம் பேச நடுவர் வேண்டுமென்றால் தாலுகா சட்டப்பணிகள் குழுவை அணுகுங்கள். உதவி எண் 15100. உயர் நீதிமன்றம் கடைசிப் படி. தடை உத்தரவு வந்தால் பாதையும் நிற்கும், அந்தத் தெருவுக்கான மற்றச் சாலை வேலைகளும் அதோடு சேர்ந்து நிற்கக்கூடும்.

மறுபரிசீலனையை ஜனவரி இரண்டாம் வாரத்தில் வையுங்கள். வடகிழக்கு மழை ஓய்ந்திருக்கும், புத்தாண்டுக் கூட்டம் கடந்திருக்கும், உதகையில் உறைபனி விழும் காலம். எந்த இடத்தில் தண்ணீர் தேங்கியது, எந்தக் கம்பம் முறிந்தது, காலை ஏழு மணிக்கு எந்தத் துண்டில் பனி வழுக்குகிறது என்று அதே 20 மீட்டர் எண்களோடு மறுபடி நடந்து எழுதுங்கள். திருத்த மதிப்பீடு பிப்ரவரிக்குள் பொறியியல் பிரிவுக்குப் போனால்தான் ஏப்ரல் சீசனுக்கு முன் வேலை முடியும்.